பழைய கார்களின் இன்ஜினையும் கியர் பாக்ஸையும் கூடிப் பழுதுபார்த்தல்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பழைய கார் வைத்திருக்கும் நாங்கள் சிலர், ஞாயிற்றுக்கிழமைகளில் தாம்பரம் பக்கத்துக் கொட்டகை ஒன்றில் கூடி, ஒருவர் வண்டியை மற்றவர்களும் சேர்ந்து பிரித்துச் சரிசெய்கிறோம். பெரும்பாலும் எங்கள் கைக்கு வருபவை ஸ்டாண்டர்டு ஹெரால்டு, அம்பாசடர், ஃபியட் 1100 ஆகிய மூன்றுதான். புதிதாக வருகிறவர்கள் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகளுக்கான பதில்களை இங்கே எழுதி வைத்திருக்கிறோம்.

மெக்கானிக்கிடம் விட்டுவிட்டால் ஆகாதா? ஏன் கூடிச் செய்ய வேண்டும்?

இந்த வண்டிகளைக் கண்ணை மூடிக்கொண்டு பிரித்துப் பூட்டக்கூடிய மெக்கானிக்குகளில் பலருக்கு இப்போது எழுபது வயதுக்கு மேல் ஆகிவிட்டது. பட்டறையை மூடிவிட்டு வீட்டில் இருக்கும் அப்படி இரண்டு பெரியவர்களை நாங்கள் அழைத்து வந்து நாற்காலி போட்டு உட்கார வைக்கிறோம். அவர்கள் சொல்லச் சொல்ல நாங்கள் செய்கிறோம். அந்த நாளுக்கான கூலியை அவர்களுக்குக் கொடுத்துவிடுகிறோம், அதில் பேரம் கிடையாது. அவர்கள் அறிவு எந்தக் கையேட்டிலும் இல்லை. ஒரு போல்ட்டை எந்த அளவுக்கு இறுக்கினால் போதும், பேரிங் எந்தச் சத்தம் கொடுத்தால் இன்னும் ஓராண்டு தாங்கும் என்பதெல்லாம் அவர்கள் கையிலும் காதிலும்தான் இருக்கிறது, பக்கத்தில் நின்று செய்தால்தான் அது நமக்கு வரும்.

இன்ஜினைத் தூக்கும் செயின் பிளாக், நுண்ணிய அசைவை அளக்கும் டயல் கேஜ், அளவாக இறுக்க உதவும் டார்க் ரெஞ்ச் போன்ற கருவிகளை ஆளுக்கொன்று வாங்க வேண்டியதில்லை என்பதும், இன்ஜினை இறக்க நான்கு பேர் எப்படியும் தேவை என்பதும் மற்ற காரணங்கள். ஆனால் முதற்காரணம் மேலே சொன்னதுதான்.

புதிதாகக் கற்பவருக்கு எந்த வண்டி நல்லது?

தயங்காமல் ஹெரால்டு என்று சொல்வோம். சென்னையை அடுத்த வண்டலூர் பக்கம் இருந்த ஸ்டாண்டர்டு மோட்டார் புராடக்ட்ஸ் ஆலையில் 1961 முதல் உருவான இந்த வண்டி, நம் ஊரில் பிறந்தது என்பதற்காக மட்டும் இதைச் சொல்லவில்லை. அதன் பானெட் முன்பக்கம் கீல் வைத்து, மட்கார்டுகளையும் சேர்த்துக்கொண்டு முழுதாகத் தூக்கும். தூக்கிய பிறகு முன் டயரின் மேல் உட்கார்ந்துகொண்டே இன்ஜினில் வேலை செய்யலாம், முதுகு வலிக்காது, எட்டாத போல்ட் என்று அநேகமாக ஒன்றும் இராது. பாடி தனி, சேஸ் தனி. 63 மில்லிமீட்டர் போரும் (சிலிண்டரின் உள்விட்டம்) 76 மில்லிமீட்டர் ஸ்ட்ரோக்கும் (பிஸ்டன் ஏறி இறங்கும் தூரம்) கொண்ட 948 சிசி இன்ஜின் எளிய வார்ப்பிரும்பு இன்ஜின். அதைப் படித்துக்கொண்டவருக்கு 1489 சிசி அம்பாசடர் இன்ஜினும் 1089 சிசி ஃபியட் இன்ஜினும் அந்நியமாகத் தோன்றா. மூன்றிலும் பிஸ்டன்களின் அசைவைச் சுழற்சியாக்கும் கிராங்க் ஷாஃப்டைத் தாங்குபவை மூன்று மெயின் பேரிங்குகள், மூன்றிலும் வால்வுகளை இயக்கும் கேம் ஷாஃப்ட், சிலிண்டர்கள் உள்ள பிளாக்கிலும், வால்வுகள் அதன் மேல்மூடியான ஹெட்டிலும் இருக்கின்றன.

இன்ஜின் இழுவை இல்லை, புகை வருகிறது. உடனே இறக்கிவிடலாமா?

கூடாது. எங்கள் கொட்டகையில் வேலை முறைக்கான முதல் விதி, அளக்காமல் எதையும் கழற்றக் கூடாது என்பதுதான்.

முதலில் இன்ஜினை ஓட்டிச் சூடாக்கி, நான்கு பிளக்குகளையும் கழற்றிவிட்டு, இக்னிஷன் வேலை செய்யாதபடி செய்து, ஆக்சிலரேட்டரை முழுதும் மிதித்துப் பிடித்தபடி செல்ஃப் அடித்து, ஒவ்வொரு சிலிண்டரின் கம்ப்ரெஷனையும் (உள்ளே எழும் அழுத்தம்) மீட்டர் வைத்து எழுதிக்கொள்ள வேண்டும். நான்கும் ஒன்றுக்கொன்று பத்து சதவீதத்துக்குள் இருந்தால், குறை பெரும்பாலும் இன்ஜினுக்குள் இல்லை. கார்புரேட்டரையும், பிளக் பொறி விடும் நேரமான டைமிங்கையும் பார்க்க வேண்டும். ஒரு சிலிண்டர் மட்டும் குறைந்தால் பிளக் துளை வழியாக ஒரு தேக்கரண்டி இன்ஜின் ஆயில் விட்டு மறுபடி அளக்க வேண்டும். அளவு ஏறினால் பிஸ்டன் ரிங்கோ போரோ தேய்ந்திருக்கிறது. ஏறவில்லை என்றால் வால்வு சரியாக உட்காரவில்லை. அடுத்தடுத்த இரண்டு சிலிண்டர்கள் சேர்ந்தாற்போல் குறைந்தால் அவற்றுக்கு நடுவே ஹெட் கேஸ்கெட் (ஹெட்டுக்கும் பிளாக்குக்கும் இடையிலுள்ள அடைப்புத் தகடு) போயிருக்க வாய்ப்பு மிக அதிகம்.

இந்த அரை மணி நேரச் சோதனையால் எங்களிடம் வந்த பல இன்ஜின்கள் இறக்கப்படாமலே தப்பின. ஹெட்டை மட்டும் எடுத்தால் தீரக்கூடிய குறைக்கு முழு இன்ஜினையும் இறக்குவது, வண்டிக்கும் நல்லதல்ல, உரிமையாளருக்கும் நல்லதல்ல.

பல ஆண்டுகளாக ஓடாமல் நின்ற இன்ஜின் ஜாம் ஆகிவிட்டது. என்ன செய்வது?

கயிறு கட்டி இழுத்து, கியரில் விட்டுச் சுழற்றப் பார்க்காதீர்கள். துருவேறி ஒட்டிய ரிங் உடையும், இல்லையேல் கனெக்டிங் ராட் வளையும். பிளக்குகளைக் கழற்றி, ஒவ்வொரு சிலிண்டரிலும் துருநீக்கி எண்ணெயோ, டீசலும் கியர் ஆயிலும் கலந்த கலவையோ ஊற்றி, வாரக்கணக்கில் ஊற விட வேண்டும். பிறகு கிராங்க் புல்லி நட்டில் நீண்ட கைப்பிடி போட்டு, முன்னும் பின்னுமாக மெல்ல அசைத்துப் பார்க்க வேண்டும். ஒரு ஹெரால்டு எங்களிடம் ஐந்து வாரம் ஊறியது. ஆறாவது ஞாயிறு, ஒரு நூல் அளவு அசைந்தது. அன்றைக்கு அதோடு நிறுத்திக்கொண்டோம். அசைந்துவிட்டது என்று அவசரப்பட்டு முழுச் சுற்றுச் சுற்றினால் போரில் கோடு விழும்.

கழற்றும்போது புதியவர்கள் அதிகம் செய்யும் தவறு எது?

மில்லிமீட்டர் ஸ்பானரை அங்குல நட்டில் போடுவது. அரை அங்குலம் என்பது 12.7 மில்லிமீட்டர்; 13 ஸ்பானர் அதில் உட்கார்ந்துகொள்ளும், இறுகிய நட்டில் பலம் கொடுத்ததும் வழுக்கி மூலைகளை உருட்டிவிடும். ஹெரால்டுக்கும் அம்பாசடருக்கும் அங்குல செட், ஃபியட்டுக்கு மில்லிமீட்டர் செட் என்று தனித்தனிப் பெட்டியில் வைத்திருக்கிறோம்.

கழற்றிய ஒவ்வொன்றையும் படம் எடுத்து, தனிப் பையில் போட்டு, எந்த இடத்திலிருந்து எடுத்தது என்று எழுத வேண்டும் என்பதை நாங்கள் சொல்ல வேண்டியதில்லை. கேம் ஷாஃப்டின் அசைவை வால்வுக்குக் கொண்டுசெல்லும் புஷ் ராடுகளையும் டேப்பட்டுகளையும் எடுத்த இடத்திலேயே திரும்பப் போட வேண்டும். அதற்கு அட்டைப் பெட்டியில் எட்டுத் துளையிட்டு எண் போட்டுக் குத்தி வைத்தால் போதும்.

ஹெரால்டு இன்ஜினில் முதலில் பார்க்க வேண்டிய இடம் எது?

கிராங்க் ஷாஃப்ட் முன்னும் பின்னும் நகராமல் பிடித்து வைப்பவை, பின் மெயின் பேரிங்கின் இருபுறமும் நிற்கும் அரைவட்டத் த்ரஸ்ட் வாஷர்கள். கிளட்சை மிதிக்கும் ஒவ்வொரு முறையும் கிராங்க் முன்னோக்கித் தள்ளப்படுவதால் பின்பக்கத்து அரைவட்டம்தான் முதலில் தேயும். சிக்னலில் கியரை நியூட்ரலுக்குக் கொண்டுவராமல் கிளட்சை மிதித்தபடியே நிற்கும் பழக்கம் உள்ளவர்கள் வண்டியில் இது இன்னும் விரைவாகத் தேயும். தேய்ந்து மெலிந்த வாஷர் ஒரு நாள் நழுவி, இன்ஜினின் அடியில் உள்ள ஆயில் தொட்டியான சம்ப்பில் விழுந்துவிடும். அதற்குப் பிறகு இரும்பும் இரும்பும் நேராக உரசுவதால், மிஞ்சுவது பாழான கிராங்கும் பாழான பிளாக்கும்தான்.

இதைக் கண்டுபிடிக்க எதையும் பிரிக்க வேண்டாம். இன்ஜினை நிறுத்திவிட்டு, ஒருவர் உள்ளே உட்கார்ந்து கிளட்சை மிதித்து மிதித்து விட, மற்றவர் பானெட்டைத் தூக்கி கிராங்க் புல்லியைக் கவனிக்க வேண்டும். கண்ணுக்குத் தெரியும்படி புல்லி முன்னால் வந்து போனால் அந்த வண்டியை அதற்கு மேல் ஓட்டக் கூடாது. டயல் கேஜ் வைத்தால் துல்லியமாகத் தெரியும்; சுமார் 0.1 முதல் 0.2 மில்லிமீட்டர் வரை அசைவு இருக்கலாம். சென்ற ஆண்டு ஒருவர் தம் தந்தையின் ஹெரால்டை ஓட்டிக்கொண்டு வந்தார், நன்றாக ஓடுகிறது என்றார். கேஜ் முள் ஒரு மில்லிமீட்டரைத் தாண்டி நின்றது. சம்ப்பை இறக்கினோம், அடியில் தேங்கியிருந்த கறுப்பு ஆயிலுக்குள் அந்த அரைவட்டம் கிடந்தது, நகத்தால் வளைக்கலாம் போல் மெலிந்திருந்தது. அவருடைய நல்ல நேரம், கிராங்கின் முகம் இன்னும் கீறப்படவில்லை.

சம்ப்பையும் பின் மெயின் பேரிங் கேப்பையும் எடுத்தாலே, இன்ஜினை இறக்காமல் வாஷரை மாற்றிவிடலாம். போடும்போது பள்ளக்கோடு உள்ள முகம் கிராங்கைப் பார்த்து இருக்க வேண்டும். மாற்றிப் போட்டால் சில நூறு கிலோமீட்டரிலேயே தேய்ந்துவிடும்.

போர் போட (தேய்ந்த சிலிண்டரைச் சற்றுப் பெரிதாகக் கடைய) லேத் பட்டறைக்குக் கொடுக்கும்போது எதைக் கவனிக்க வேண்டும்?

பிஸ்டனை முதலில் வாங்கி, பிளாக்கோடு சேர்த்துக் கொடுங்கள். இதை என் சொந்த அனுபவத்தில் கற்றேன். என் அம்பாசடர் பிளாக்கை ஒரு பட்டறையில் கொடுத்து, இருபது ஓவர்சைஸ் (அங்குலத்தில் ஆயிரத்தில் இருபது பங்கு கூடுதல் விட்டம்) போடச் சொல்லிவிட்டு வந்தேன். பிஸ்டன் பிறகு வாங்கிக்கொள்ளலாம் என்று நினைத்தேன். வாங்கிய பிஸ்டன்களை அளந்தபோது, நான்கில் இரண்டு எதிர்பார்த்ததைவிடச் சற்றுச் சிறியவை. போரோ நான்கும் ஒரே அளவு. அந்த இரண்டு சிலிண்டர்களிலும் குளிர்ந்த இன்ஜினில் பிஸ்டன் தட்டும் ஓசை கடைசிவரை போகவில்லை, மறுபடி முப்பது போட வேண்டியதாயிற்று. பழைய இன்ஜினில் உலோகம் திரும்ப வளராது. நாற்பது வரை போய்விட்ட பிளாக்குக்குப் பிறகு ஸ்லீவ் (புதிய உட்குழாய்) போடுவது ஒன்றுதான் வழி, ஆகையால் ஒவ்வொரு பத்தும் ஒரு தலைமுறை என்று எண்ணி அளந்து செலவிட வேண்டும்.

ஈயம் இல்லாத பெட்ரோல் வால்வு சீட்டைக் கெடுக்குமா? வால்வை நாமே கிரைண்ட் செய்யலாமா?

2000-ஆம் ஆண்டில் நம் நாட்டில் ஈயம் கலந்த பெட்ரோல் நின்றுபோனது. அந்த ஈயம்தான் எக்ஸாஸ்ட் வால்வுக்கும் அது மூடும்போது அமரும் சீட்டுக்கும் நடுவே மெல்லிய படலமாக இருந்து, வார்ப்பிரும்பு சீட்டைக் காத்துவந்தது. நிதானமாக ஓட்டும் வண்டிகளில் பாதிப்பு மெதுவாகத்தான் வரும். நெடுஞ்சாலையில் தொடர்ந்து வேகமாக ஓட்டினால் சீட் தேய்ந்து வால்வு உள்ளே அமிழும். இதற்கு ஓர் எளிய அடையாளம் உண்டு: சரிசெய்து வைத்த எக்ஸாஸ்ட் டேப்பட் இடைவெளி (மூடிய வால்வுக்கும் அதைத் திறக்கும் நெம்புகோலுக்கும் நடுவே விடும் சிறு இடைவெளி) ஒவ்வொரு முறை பார்க்கும்போதும் குறைந்திருந்தால், சீட் அமிழ்கிறது என்று பொருள். ஹெட்டை இறக்கும் தேவை எப்படியும் வந்தால், அப்போது கடினப்படுத்திய சீட் வளையங்களைப் பதித்துவிடுவது நல்லது. அதற்காகவே ஹெட்டை இறக்க வேண்டாம்.

கிரைண்டிங்கை நீங்களே செய்யலாம், செய்ய வேண்டும். வால்வின் விளிம்பில் சிறிது பேஸ்ட் தடவி, ரப்பர் உறிஞ்சி பொருத்திய குச்சியைக் கடைகோலைப் போல் இரு உள்ளங்கைக்கு நடுவே வைத்து உருட்டுங்கள். அவ்வப்போது வால்வைத் தூக்கி, கொஞ்சம் திருப்பி வைத்துத் தொடருங்கள். தொடக்கத்தில் கரகரவென்று கேட்கும் ஓசை, முகம் படியப் படிய மென்மையாகிவிடும். பேஸ்டைத் துடைத்துப் பார்த்தால் எங்கும் அறுபடாத, மங்கிய சாம்பல் நிற வளையம் ஒன்று தெரியும். எல்லா வால்வையும் ஸ்பிரிங்கோடு பூட்டி, பிளக்குகளையும் போட்டு, ஹெட்டைக் கவிழ்த்து வைத்து, எரியறைகளில் மண்ணெண்ணெய் ஊற்றிக் காத்திருங்கள். போர்ட் வழியாகச் சொட்டவில்லை என்றால் வேலை நன்றாக அமைந்திருக்கிறது.

டேப்பட் சரிசெய்ய எளிய கணக்கு இருக்கிறதாமே?

ஒன்பது கணக்கு என்று சொல்வார்கள். எட்டு வால்வுகளுக்கும் முன்னிருந்து 1 முதல் 8 வரை எண் கொடுங்கள். எட்டாவது முழுதும் திறந்திருக்கும்போது முதலாவதைச் சரிசெய்யலாம். மூன்றாவது திறந்திருந்தால் ஆறாவது. திறந்ததும் சரிசெய்வதும் கூட்டினால் எப்போதும் ஒன்பது வரும். ஹெரால்டுக்கும் அம்பாசடருக்கும் இது பொருந்தும். ஹெரால்டில் குளிர்ந்த நிலையில் 0.010 அங்குலம் வைக்க வேண்டும்.

கியர் பாக்ஸைப் பிரிப்பது கடினமா?

கடினம் என்பதைவிட, பொறுமை வேண்டிய வேலை என்பதே சரி. ஹெரால்டில் கியர் பாக்ஸை வண்டியின் அடியில் படுத்துக்கொண்டு இறக்க வேண்டியதில்லை. முன் சீட்டுகளையும், நடுவில் மேடாக இருக்கும் மூடியையும் எடுத்துவிட்டால் வண்டிக்கு உள்ளிருந்தே அதை வெளியே தூக்கிவிடலாம். எங்கள் குழுவில் இருவர் ஒரு காலைப்பொழுதில் இதை முடிக்கிறார்கள்.

பிரித்ததும் எல்லோரும் ஏமாறும் இடம் லே ஷாஃப்ட், அதாவது பாக்ஸின் அடியில் கியர்களைத் தாங்கும் தண்டு. அதை உருவியதும், அதன் இரு முனைகளிலும் கூட்டுக்குள் அடங்காமல் உதிரியாக நிற்கும் ஊசி ரோலர்கள், பாக்ஸுக்குள் கொட்டிவிடும். ஒன்று குறைந்தாலும் மறுபடி பூட்டக் கூடாது, ஆகவே கீழே வெள்ளைத் துணி விரித்து, ஒரு முனைக்கு எத்தனை என்று எண்ணி எழுதிக்கொள்ளுங்கள். பூட்டும்போது கெட்டியான கிரீஸைத் தடவி ரோலர்களை ஒவ்வொன்றாக ஒட்டி நிறுத்தி, லே ஷாஃப்டின் அளவிலேயே கடைந்த குட்டையான தற்காலிகத் தண்டை உள்ளே வைத்து, பிறகு உண்மையான ஷாஃப்டால் அதைத் தள்ளி வெளியேற்ற வேண்டும். கியரை மாற்றும் செலக்டர் தண்டுகளை உருவும்போது, உள்ளிருக்கும் ஸ்பிரிங் ஒரு சிறிய இரும்புக் குண்டைத் துப்பாக்கி போல் எறியும். மேலே துணியைப் போட்டு மூடிக்கொண்டு உருவுங்கள்.

இரண்டாம் கியர் போடும்போது நறநறத்தால், கியர் விழும் முன் வேகங்களைச் சமமாக்கும் பித்தளை சிங்க்ரோ வளையத்தைப் பாருங்கள். வளையத்தைக் கியரின் கூம்பில் அழுத்திப் பிடித்தால் அதற்கும் கியரின் பற்களுக்கும் நடுவே இடைவெளி தெரிய வேண்டும். ஒட்டி உட்கார்ந்தால் அது தேய்ந்துவிட்டது. முதல் கியரில் நறநறப்பது நோயல்ல. அதில் சிங்க்ரோவே கிடையாது, வண்டி நின்ற பிறகே போட வேண்டும்.

அம்பாசடரில் கியர் சரியாக விழவில்லை. பாக்ஸ் போய்விட்டதா?

ஸ்டியரிங் பக்கத்தில் கியர் உள்ள அம்பாசடரிலும் ஃபியட்டிலும், பத்தில் எட்டு முறை குறை பாக்ஸில் இல்லை, கம்பிகளின் இணைப்பில் உள்ள புஷ்களில் (தேயும் சிறு வளையங்கள்) இருக்கிறது. ஒருவர் கியரை ஆட்ட, மற்றவர் கீழே இணைப்புகளைப் பிடித்துப் பாருங்கள். புஷ்களின் விலை மிகக் குறைவு.

எந்த ஆயில் ஊற்றலாம்?

இன்ஜினுக்கு 20டபிள்யூ-50 மினரல் ஆயில். கியர் பாக்ஸுக்கு ஜிஎல்-4 வகை 90 ஆயில். ஜிஎல்-5 உயர்ந்த எண் என்பதால் அதிகத் தரம் என்று வாங்கி ஊற்றாதீர்கள், அதில் அதிகமாக உள்ள கந்தகச் சேர்மானங்கள் பித்தளைச் சிங்க்ரோ வளையங்களை அரித்துவிடக்கூடும். 20 சதவீத எத்தனால் கலந்த இன்றைய பெட்ரோல் பழைய ரப்பர் குழாய்களையும் பெட்ரோல் பம்ப் டயஃப்ரமையும் நெகிழச் செய்யும். இன்ஜினில் கை வைக்கும்போதே இவற்றை எத்தனாலைத் தாங்கும் ரப்பருக்கு மாற்றிவிடுங்கள், ஏனெனில் சூடான இன்ஜின் மேல் பெட்ரோல் ஒழுகினால் வண்டியே எரிந்துவிடும்.

உதிரிபாகங்கள் எங்கே கிடைக்கும்?

சென்னையில் புதுப்பேட்டையும் ஜி.பி. ரோடும்தான் முதலில். அங்கே கிடைக்காததைக் கோயம்புத்தூரில் லேத்து வைத்திருப்பவர்கள் மாதிரி கொடுத்தால் கடைந்து தருவார்கள். ஹெரால்டு இன்ஜினின் குடும்பம் பிரிட்டனில் டிரையம்ஃப் ஸ்பிட்ஃபையர் வழியாக 1980 வரை தொடர்ந்ததால், கேஸ்கெட், த்ரஸ்ட் வாஷர் போன்றவை அங்கே இன்றும் புதிதாகச் செய்யப்படுகின்றன. பழையவற்றை வாங்கும்போது அளவுகோல் கையில் இருக்கட்டும்.

பழைய இன்ஜினுக்குப் பதில் டீசல் இன்ஜின் மாற்றிவிட்டால் என்ன?

ஒரு காலத்தில் பலர் அப்படி மாற்றினார்கள், அவர்களுடைய பிழைப்பின் தேவை அது. ஆனால் 2021-இல் வந்த மத்திய மோட்டார் வாகன விதித் திருத்தத்தின்படி, முதற்பதிவாகி 50 ஆண்டுகளுக்கு மேலான கார்களை விண்டேஜ் வாகனமாகப் பதிவுசெய்யலாம். அதற்கு வண்டி அசல் வடிவில் இருக்க வேண்டும், சேஸிலோ பாடியிலோ இன்ஜினிலோ பெரிய மாற்றம் செய்திருக்கக் கூடாது. புதிய பதிவுக்குக் கட்டணம் 20,000 ரூபாய், பதிவு 10 ஆண்டுகளுக்குச் செல்லும், புதுப்பிக்க 5,000 ரூபாய். வாடகைக்கு ஓட்ட முடியாது. ஆகவே எண் பொறித்த அசல் பிளாக்கைக் கைவிடாதீர்கள், வெடித்திருந்தாலும் எடுத்து வையுங்கள். வார்ப்பிரும்பைத் தைத்துச் சரிசெய்யத் தெரிந்தவர்கள் இருக்கிறார்கள்.

பாதுகாப்புக்கு என்ன விதிகள் வைத்திருக்கிறீர்கள்?

பழைய கிளட்ச் பிளேட்டிலும் பிரேக் லைனிங்கிலும் கல்நார் (ஆஸ்பெஸ்டாஸ்) இருக்கும். அதன் தூசியைக் காற்றடித்து ஊதக் கூடாது, ஈரத்துணியால் துடைக்க வேண்டும். பாகங்களைப் பெட்ரோலில் கழுவக் கூடாது. தொங்கும் இன்ஜினுக்குக் கீழே யாரும் கையையோ காலையோ நீட்டக் கூடாது. இவற்றை மீறியவரை, எவ்வளவு பெரிய மனிதராக இருந்தாலும், அன்று வேலை செய்ய விடுவதில்லை.

ஒன்றும் தெரியாதவர் வரலாமா? செலவு எவ்வளவு?

வரலாம். கட்டணம் இல்லை. உதிரிபாகச் செலவு வண்டிக்காரருடையது, சாப்பாடு பொதுச் செலவு. வண்டியைக் கொண்டுவருகிறவர் கூடவே இருந்து தம் கையாலும் வேலை செய்ய வேண்டும், வண்டியை விட்டுவிட்டுப் போவதற்கு இடமில்லை.

பூட்டிய இன்ஜினை முதன்முறை எப்படி ஓட்டுவது?

பிளக்குகளைப் போடாமல், ஆயில் விளக்கு அணையும்வரை செல்ஃப் அடியுங்கள். அப்போதுதான் பேரிங்குகளுக்கு ஆயில் போய்ச் சேர்ந்திருக்கும். கேம் ஷாஃப்டும் டேப்பட்டும் புதிதாகப் போட்டிருந்தால், ஸ்டார்ட் ஆனதும் ஐடிலில் விடாமல் நிமிடத்துக்குச் சுமார் 2,000 சுற்றில் இருபது நிமிடம் ஓடட்டும். அப்போது ஒருவர் ரேடியேட்டரையும், ஒருவர் ஆயில் கசிவையும், மெக்கானிக் ஐயா ஓசையையும் மட்டும் கவனிப்பார்கள். மற்றவர்கள் அந்த நேரத்தில் பேசுவதில்லை. முதல் 800 கிலோமீட்டர் வரை வேகத்தை மாற்றி மாற்றி, அழுத்தம் கொடுக்காமல் ஓட்டிவிட்டு, ஆயிலை மாற்றி, குளிர்ந்த இன்ஜினில் ஹெட் நட்டுகளை நடுவிலிருந்து வெளிப்புறமாக மறுபடி இறுக்கி, டேப்பட் இடைவெளியையும் மீண்டும் பார்க்க வேண்டும். அதற்கும் ஒரு ஞாயிற்றுக்கிழமையை ஒதுக்கி வைத்துக்கொள்ளுங்கள்.